வெர்னெலின் துப்பாக்கியும் என் சில்லிக் குழம்பும்

என் சில்லிக் குழம்பில் எந்தக் கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பர்டெட் வெல்ஸில் இன்னமும் சிலர் என்னைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக் காட்டுகிறார்கள். நல்ல மாட்டிறைச்சி, நானே வறுத்து அரைத்த மிளகாய், சீரகம், அவ்வளவுதான். பீன்ஸ் போடமாட்டேன், போடுகிறவர்களோடு பேச்சும் வைத்துக்கொள்ளமாட்டேன். டாமினோ போட்டி நடந்த அன்று ராய்ஸ் ஹேட்செட் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்ததற்குக் காரணம் என் சில்லி இல்லை. வெர்னெல் ஸ்டோவாலின் துப்பாக்கி.

வெர்னெல் யார் என்று தெரியாமல் இது விளங்காது.

அவள் என் சிநேகிதி, டாமினோவில் என் ஜோடி. அறுபதைத் தாண்டியவள். வேலை, எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றிப் பார்ப்பது. காலையில் ட்ரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஊரைச் சுற்றிலும் முள்ளுக்காட்டுக்குள் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிற பம்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். தொட்டியில் எவ்வளவு எண்ணெய் சேர்ந்திருக்கிறது, எங்கே கசிகிறது, எந்த மோட்டார் முனகுகிறது என்று கவனித்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். பகல் முழுக்க மனித முகம் கிடையாது. பாம்பும் மாடும்தான். அப்புறம் தாமிரக் கம்பி திருடர்கள்.

கார்லண்ட், அவள் புருஷன், உயிரோடு இருந்தவரை இரண்டு பேருமாகப் போவார்கள். அவன் போன பிறகு இவள் தனி. ஷெரீஃபுக்கு போன் போட்டால் அவர் வந்து சேர்வதற்குள் ஒரு மாட்டையே அறுத்து வறுத்துவிடலாம். அதனால் வெர்னெல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். எங்கள் ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. பாதிப் பேர் இடுப்பில் இருக்கும். செய்தி என்னவென்றால், அதற்குப் பிறகு வெர்னெல் திருந்திவிட்டாள்.

அதற்கு முந்திய வெர்னெலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாயைத் திறந்தால் வறுத்தெடுத்துவிடுவாள். ட்ரக் நிறுத்துகிற இடத்துக்காக ஒருவனுடைய தொப்பியைப் பிடுங்கிக் குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியவள். பள்ளிக்கூடக் கூட்டத்தில் ஒரு முழு பீச் பழக் கேக்கை ஒருவர் மடியில் கவிழ்த்தவள். கேக் போனதற்காகத்தான் ஊர் அவளைத் திட்டியது, மடிக்காக இல்லை.

துப்பாக்கி வகுப்புக்குப் போய்விட்டு வந்த அன்று என் சமையலறையில் உட்கார்ந்து, தலையில் இடி விழுந்தவள் மாதிரி சொன்னாள்.

"ஒலீட்டா, இனிமே நான் எல்லாச் சண்டையிலயும் தோத்தாகணும்டி."

"ஏன், என்னாச்சு உனக்கு?"

"இடுப்புல தோட்டா ரொப்பின துப்பாக்கியை வச்சுக்கிட்டு எவன்கூடயாவது மல்லுக்கு நின்னேன்னு வை. அவன் என்னைத் தள்ளுவான், நான் அவனைத் தள்ளுவேன். கட்டிப் புரண்டா அங்க ஒரு துப்பாக்கி இருக்கு. யார் கையில போய்ச் சேரும்? அதனால, தள்ளற அளவுக்கே போகக் கூடாது. 'மன்னிச்சுக்கங்க, தப்பு என்னுதுதான்'னு சொல்லிட்டு நகந்துடணும்."

"நீயா?"

"நான்தான். என்னை என்னன்னு நினைச்சே?"

சொன்னபடியே நடந்துகொண்டாள், கடங்காரி! மளிகைக் கடையில் கடைசி மாட்டு மார்பிறைச்சியை ஒருவர் அவள் கண்ணெதிரே அள்ளிக்கொண்டு போனார். "எடுத்துக்கங்க, நல்லா வேகட்டும்" என்றாள். பின்னால் நின்ற எனக்குத்தான் கை பரபரத்தது. கொஞ்ச நாளில் ஊருக்கு விஷயம் தெரிந்து போய், ஆளாளுக்கு அவள் முன்னால் வரிசையில் புக ஆரம்பித்தார்கள். வெர்னெல் இடுப்பில் முழங்கையை ஒரு அழுத்து அழுத்துவாள், பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். அது அவளுடைய பழக்கம். துப்பாக்கி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கக் கூடாதாம், பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். முழங்கையால் ஒரு அழுத்து மட்டும்.

எப்போதாவது பொறுக்கவே முடியாமல் போனால், "இரு, வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்பாள். போய்த் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவாள், சண்டை போட. போக ஒரு நடை, வர ஒரு நடை. அதற்குள் பாதி நேரம் இவள் கோபம் ஆறிவிடும், மீதி நேரம் எதிராளி ஊரை விட்டே ஓடியிருப்பான். "வெர்னெல் வீட்டுக்குப் போயிருக்கா" என்றால் எங்கள் ஊரில் அர்த்தமே வேறு.

ஒரே ஒரு தடவை அவளுக்கு நிஜமான ஆபத்து வந்தது. பன்னிரண்டாம் கிணற்றடியில் இரண்டு பேர் கம்பியை உருவிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் கடப்பாரையோடு ட்ரக்கை நோக்கி வந்தான். இதை அவள் சபை விருந்தில் சொன்னபோது நாங்கள் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டோம்.

"அப்புறம்? எடுத்தீங்களா?" என்றார் எங்கள் போதகர் பிரதர் டெல்மர்.

"எடுத்தேன்."

"சுட்டீங்களா?"

"ரிவர்ஸ் எடுத்தேன். மெயின் ரோடு வர்ற வரைக்கும் ரிவர்ஸ்லயே வந்தேன். கழுத்து சுளுக்கிக்கிச்சு."

எல்லாருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் பிரதர் டெல்மர் யோசிக்கிற மனிதர். அந்த வாரமே சபைக் காவல் குழுவுக்கு அவளைத் தலைவி ஆக்கினார். ஆராதனை நேரத்தில் வாசல் பக்கத்துப் பெஞ்சில், கோட்டுக்குள் துப்பாக்கியோடு சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை அது. கூடவே தீயணைப்பு நிலைய மண்டபத்தில் துப்பாக்கி வகுப்பும் எடுக்க ஆரம்பித்தாள்.

வகுப்பில் அவள் சொல்வதெல்லாம் சுடுவதைப் பற்றி இருக்காது, சுமப்பதைப் பற்றி இருக்கும். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை வேண்டும். உறையைத் தாங்குகிற தடித்த பெல்ட் வேண்டும். காலையில் உறையோடு கட்டிக்கொண்டால் இரவு உறையோடுதான் கழற்ற வேண்டும். நடுவில் எடுக்காதே, தடவாதே, காட்டாதே. "தேவையில்லாம தொடறப்பதான் வெடிக்கும்" என்பாள். கீழே விழுந்தால் பாய்ந்து பிடிக்காதே, விழட்டும், பிடிக்கிற அவசரத்தில் விரல் விசையில் மாட்டும். பீர் குடிக்கிற நாளில் துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போனால் கழற்றி எங்கேயும் வைக்காதே. உறையோடு கால்சட்டைக்குள்ளேயே, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கிடக்கட்டும்.

"ஆணியில மாட்டாத, தொட்டி மேல வைக்காத, பேப்பர் பெட்டி மேல வைக்காத. கால்சட்டையை மறந்துட்டு எவனும் வெளிய வரமாட்டான்" என்று அவள் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள்.

இதில் இரண்டு பேர் அவளிடம் மாட்டினார்கள். ஒருவர் எல்டன். குழுவிலேயே மூத்தவர், சாது. சபைக் கூடத்தில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். துப்பாக்கி கோட்டுப் பைக்குள். வெர்னெல் அன்றைக்கே அவரைக் குழுவிலிருந்து நீக்கினாள். "துப்பாக்கி கண்ணை விட்டுப் போச்சுன்னா குழுவுல இடமில்ல. யாரா இருந்தாலும் சரி" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்டன் கண் கலங்கிவிட்டார். எனக்கே அவள் மேல் கோபம் வந்தது.

இன்னொருவன் ராய்ஸ் ஹேட்செட். கிணறுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் மட்டும் நிற்கவே நிற்காது. காவல் குழுவில் சேர வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. வகுப்பு இடைவேளையில் புதுத் துப்பாக்கியை உருவிப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "இதோட பிடியைப் பாருங்களேன்" என்று காட்டியிருக்கிறான். வெர்னெல் அங்கேயே அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாள். வாசல் வரை போனவன் திரும்பி நின்றான்.

"மிஸ் வெர்னெல், நீங்களும் ஒரு நாள் தப்பு பண்ணுவீங்க. அன்னிக்கு ஊரையே கூட்டிச் சிரிக்க வைக்கறேனா இல்லையா பாருங்க."

"தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்க. இப்ப வீட்டுக்குப் போ" என்றாள் வெர்னெல், முழங்கையை அழுத்திக்கொண்டு.

நாலு வருஷம் போனது. இப்போது டாமினோ போட்டிக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு ஆடுவோம். இரண்டு ஜோடி, எதிரெதிராக உட்கார்ந்து ஏலம் கேட்டு ஆடுகிற டாமினோ. பேச்சு கூடாது, கண்ஜாடை கூடாது, செல்போன்களை எல்லாம் வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். நடுவில் எழுந்து போனால் ஆட்டம் போச்சு. அன்று தீயணைப்பு மண்டபத்தில் கடைசி ஆட்டத்துக்கு நானும் வெர்னெலும் வந்திருந்தோம். ஜெயித்தால் படம் பிடித்து மண்டபச் சுவரில் மாட்டுவார்கள். படத்துக்காக வெர்னெல் மகள் அனுப்பிய புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அங்கேதான் சனியன் பிடித்தது.

பாவாடைக்கு ஏது தடித்த பெல்ட்? எலாஸ்டிக்தான். அதில் உறையைச் செருகியிருந்தாள், மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. கடைசி ஆட்டத்துக்கு முன் கழிப்பறைக்குப் போனாள். மண்டபத்தில் ஆண்கள் கழிப்பறைக் குழாய் உடைந்து கிடந்தது, எல்லாருக்கும் அந்த ஒன்றுதான். உட்காரும்போது எலாஸ்டிக் உறையைத் தாங்கவில்லை, சரிந்தது. ஒரு நிமிஷம்தானே என்று உறையோடு எடுத்துக் கைதுடைக்கும் பேப்பர் பெட்டி மேல் வைத்தாள். அவளே ஊருக்கெல்லாம் வைக்காதே என்று சொன்ன அதே பெட்டி! அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஒரு ஜென்மம் கதவைத் தட்டி, "அடியே, ஆட்டம் ஆரம்பிக்கப் போறாங்க, சீக்கிரம் வாடி!" என்று கத்தியது. அது நான்தான். வெர்னெல் அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

அவளுக்கு அடுத்தபடியாக உள்ளே போனவன் ராய்ஸ்.

உள்ளே அவன் என்ன பார்த்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது, உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அந்த உறை யாருடையது என்று ஊருக்கே தெரியும். சிவப்புத் தோல், கார்லண்ட் கையால் தைத்தது, ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு நட்சத்திரம். நாலு வருஷமாக ராய்ஸ் காத்துக்கிடந்த நாள், பேப்பர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். வெர்னெலின் வகுப்பும் காவல் குழுவும் அவள் போட்ட சட்டத்தாலேயே அன்றோடு முடிந்துவிடும்.

அவன் தாழ்ப்பாளைப் போட்டான். கழிப்பறை மூடியை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

இங்கே எங்கள் ஆட்டம் ஆரம்பித்தது. அங்கே வரிசை சேர்ந்தது. முதலில் எல்டன், அவருக்குப் பின்னால் பழக் கேக் தின்னும் போட்டி முடித்து வந்த பிள்ளைகள் ஒரு கூட்டம், வாயெல்லாம் ஜாம். எல்டன் கதவைத் தட்டினார்.

"ராய்ஸு, ஆச்சா?"

"ஆகல."

"எப்ப ஆகும்?"

"சொல்ல முடியாதுங்க."

பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"டேய், உள்ள குடி போய்ட்டியா?"

"வாடகைக்கு எடுத்துட்டான்பா!"

"ஒலீட்டாவோட சில்லி வேலையக் காட்டுது!"

இதைச் சொன்னவன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் பெயரை இங்கே எழுதி அவனுக்குப் பெருமை சேர்க்கமாட்டேன். மேஜை மேல் இருந்த என் சில்லி அண்டாவை விட்டு இரண்டு பேர் நகர்ந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். அப்போது உள்ளிருந்து ராய்ஸ் சத்தமாகச் சொன்னான்:

"மிஸ் வெர்னெலை வரச் சொல்லுங்க!"

மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் டாமினோக் கட்டைகள் குதித்தன.

"அவங்க எதுக்குடா? கழுவி விடறதுக்கா?"

"அவங்க மட்டும் வரட்டும். வேற யாருக்கும் கதவு திறக்கமாட்டேன்."

வெர்னெல் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அருமையான கட்டைகள் இருந்திருக்க வேண்டும், ஏலத்தில் உச்சமான நாற்பத்திரண்டையே கேட்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு முந்திய பகையைத் தீர்க்க அவன் கேலி செய்கிறான் என்று நினைத்தாள். காது மடல் சிவந்தது. வழக்கம்போல முழங்கையால் இடுப்பை அழுத்தினாள்.

முழங்கை உள்ளே போனது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. எழுந்தாள். கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தாள்.

"அடிப்பாவி! எங்க போறே? ஆட்டம் போச்சுடி!" என்று நான் அலறினேன். அவள் காதில் விழவே இல்லை. கதவு ஒரு ஆள் நுழைகிற அளவு மட்டும் திறந்தது, வெர்னெல் உள்ளே நுழைந்தாள், கதவு சாத்திக்கொண்டது. பிரதர் டெல்மர் கையில் இருந்த சோளரொட்டி தரையில் விழுந்தது.

உள்ளே ராய்ஸ் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம், பேப்பர் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"தொட்டியா?" என்றாள் வெர்னெல்.

"இல்ல, மேடம். தேவையில்லாம தொடறப்பதான் வெடிக்கும்னு சொல்லியிருக்கீங்க."

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. எடுத்துட்டு வந்து குடுக்கலாம்னு பாத்தேன். அந்த நட்சத்திரத்தை எங்க மறைக்கறது? சட்டையை உள்ள விட்டிருக்கேன்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், அவள் உறையை இடுப்பில் செருகி, இந்தத் தடவை கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்கலையா நீ?"

"அப்புறமாச் சிரிச்சுக்கறேன் மேடம். வெளிய பிள்ளைங்க நிக்குது."

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வெர்னெல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராய்ஸ் முந்திக்கொண்டான்.

"வயித்தைக் கலக்கிடுச்சு. மிஸ் வெர்னெல் பையில எப்பவும் மாத்திரை இருக்கும்னுதான் கூப்பிட்டேன். என்ன சில்லிடா சாமி அது!"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஆட்டமும் போய், அண்டாவும் நிறைந்த மேனிக்கு வீட்டுக்குத் திரும்பியது. எங்கள் வீட்டு நாய்தான் தின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அடுத்த சில வாரங்கள் வெர்னெல் சரியாக இல்லை. வகுப்பை உடம்பு சரியில்லை என்று தள்ளிப் போட்டாள். சபையில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கழுவில் ஏற்றப்பட்டவள் மாதிரி விறைத்திருந்தாள். நான் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். ராய்ஸ் போகிற இடமெல்லாம் கேலி. பெட்ரோல் பங்கில் அவன் லாரியை நிறுத்தினால், "சாவி வேணுமா ராய்ஸு?" என்று கழிப்பறைச் சாவியை நீட்டுவார்கள். அவன் சிரித்துவிட்டுப் போவான். அந்த வாய் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சபைக் கூட்டம். காவல் குழுவில் ஓர் இடம் காலி, ராய்ஸ் மறுபடியும் மனுக் கொடுத்திருந்தான். நான் வெர்னெலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். அவள் வந்து உட்காரும்போது கவனித்தேன். அந்தத் தடித்த பெல்ட் இருந்தது. உறை இல்லை. துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கு யார் தலையோ உருளப் போகிறது என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பிரதர் டெல்மர் தொண்டையைக் கனைத்தார். "ராய்ஸ் நல்ல பையன். ஆனா, எப்படிச் சொல்றது... ஒரு அவசரம்னு வர்ற நேரத்துல அவரு... வயிறு..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "வாசல்ல உட்கார வைங்க, கழிப்பறை வாசல்ல!" என்று யாரோ சொன்னார்கள். ராய்ஸும் சிரித்தான், காது வரை சிவந்துபோய்.

வெர்னெல் எழுந்தாள்.

"அவன் வயித்துக்கு ஒண்ணும் இல்ல."

"மிஸ் வெர்னெல், வேணாம்" என்றான் ராய்ஸ். "என் வயிறுதாங்க. சத்தியமா என் வயிறுதான்."

"சபையில நின்னுக்கிட்டுப் பொய்ச் சத்தியம் பண்ணாதடா, உட்காரு!" நாலைந்து வருஷமாக நாங்கள் கேட்காத குரல் அது. கூரை அதிர்ந்தது. "அன்னிக்கு அந்தப் பேப்பர் பெட்டி மேல துப்பாக்கியை விட்டுட்டு வந்தது நான். தோட்டாவோட. வரிசையில பிள்ளைங்க நின்னுதுங்க."

வெர்னெல் ராய்ஸைக் கை காட்டினாள்.

"இவன் பாத்தான். என்னை ஊர் முன்னால நாறடிக்க நாலு வருஷமாக் காத்துட்டிருந்தவன். கதவை மூடிட்டு உட்கார்ந்தான். நீங்க என்னல்லாம் பேசினீங்க? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினீங்க. காவல் குழு வேலைன்னா என்னங்க? கதவுப் பக்கத்துல உட்காரணும். தொடக் கூடாது, காட்டக் கூடாது. யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது. வாயை மூடிக்கிட்டு, நம்ம பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கணும். அதைத்தானே இவன் செஞ்சான்? இன்னொண்ணு கேக்கறேன். இந்த நாலு வருஷத்துல ராய்ஸ் இடுப்புல துப்பாக்கி இருக்கா இல்லையான்னு உங்கள்ல யாராவது சொல்ல முடியுமா?"

எல்லாரும் ராய்ஸைப் பார்த்தார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை.

"முடியாதுல்ல? அப்ப அவன் பாஸ். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஃபெயில் போட்டது நான், இப்ப பாஸ் போடறதும் நான்தான். இதுதான் நான் போடற கடைசி மார்க்கு."

"கடைசியா? ஏன்?" என்றார் பிரதர் டெல்மர்.

வெர்னெல் திரும்பினாள். கடைசி வரிசையில் இருந்த எல்டனைப் பார்த்தாள். எல்டன் மெதுவாகச் சொன்னார்.

"யாரா இருந்தாலும் சரின்னுதான் சொன்னே, வெர்னெல்."

"ஆமாங்க எல்டன். அன்னிக்கு உங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஊர் முன்னால சொன்னேன். அதான் இன்னிக்கு என்னையும் ஊர் முன்னால சொல்லிக்கறேன்."

எல்டன் கைக்குட்டையை எடுத்தார். அப்புறம் நானும் எடுத்தேன். அழுதுகொண்டே எழுந்து, "அப்ப என் சில்லி?" என்று கேட்டேன். சிலர் இதைச் சந்தர்ப்பம் தெரியாத பேச்சு என்கிறார்கள். சொல்லட்டும். வெர்னெல் என் தோளில் கை போட்டு, "இவ சில்லியில ஒரு குத்தமும் இல்ல" என்று சொன்னாள். அது சபைக் குறிப்பில் ஏறவில்லை என்பது என் தீராத மனக்குறை.

இப்போது வாசல் பெஞ்சில் ராய்ஸ் உட்காருகிறான். வெர்னெல் என் பக்கத்தில், நடு வரிசையில். வகுப்பை விட்டுவிட்டாள். கிணறு பார்க்கத் தனியாகத்தான் போகிறாள், துப்பாக்கியும் போகிறது, தடித்த பெல்ட்டில். அந்தப் பாவாடையை என் பேத்திக்குக் கொடுத்துவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? வெர்னெல் எந்தக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தாலும், மளிகைக் கடையோ பெட்ரோல் பங்கோ, எதிரில் நிற்கிறவர் கேட்பார்: "இருக்கா?" அவள் முழங்கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "இருக்கு" என்பாள். கோபித்துக்கொள்ளமாட்டாள். இடுப்பில் அது இருக்கும்போது அவள் தோற்றுத்தானே ஆக வேண்டும்.

ராய்ஸ் மட்டும் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. போன ஞாயிறு நான்தான் அவனைச் சீண்டினேன். "ஏண்டா, அப்புறமாச் சிரிச்சுக்கறேன்னு அன்னிக்குச் சொன்னியாமே. எப்பதான் சிரிக்கப் போறே?"

அவன் வாசலைப் பார்த்தபடியே சொன்னான்: "டியூட்டில இருக்கேன், மேடம்."